அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பிஎச்.டி.: ஜூனியர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் எம்.ஏ. முடித்து, அங்கேயே 2017-இல் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். ஆய்வேட்டைக் கொடுக்க 2023 டிசம்பர் ஆகிவிட்டது. மாணவர் சேர்க்கை தொடங்கியதும் ஜூனியர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். கேள்விகள் எல்லா வருடமும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. வேறு பல்கலைக்கழகங்களில் படித்த தோழிகளிடம் இதைச் சொன்னபோது, ஆளுக்கு ஆள் "எங்க டிபார்ட்மென்ட்டைத்தானே சொல்ற?" என்றார்கள்.

கல்லூரியில் எம்.ஏ. படிப்பதற்கும் பல்கலைக்கழகத் துறையில் படிப்பதற்கும் என்ன வித்தியாசம்?

முதல் வித்தியாசம், மணி அடிக்காது. கல்லூரியில் மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் சாப்பாடு. துறையில் யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். எங்கள் வகுப்பில் 17 பேர். பக்கத்து அறையில் ஆய்வு மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், துறை நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நான் ஆய்வுக்கு வந்ததற்குக் காரணம் எந்தப் பாடமும் இல்லை. எதிர் அறையில் ஓர் அக்கா தினமும் ஒரு பழைய மாவட்ட விவரக் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததுதான் காரணம்.

கெட்ட பக்கமும் உண்டு. பேராசிரியர்கள் ஓய்வு பெற்ற இடங்கள் வருடக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும். பாடத்திட்டத்தில் விருப்பப் பாடம் என்று ஆறு தலைப்பு அச்சடித்திருக்கும், நடத்த ஆள் இருப்பது ஒன்றுக்குத்தான். ஆகவே எல்லாரும் அதையே "விரும்பி" எடுப்போம்.

கட்டணம் எவ்வளவு ஆகும்?

கலைப் பாடங்களுக்குப் பருவத்துக்குச் சில ஆயிரங்கள்தான், தனியாரோடு ஒப்பிடவே வேண்டாம். பணம் கரைவது விடுதி முன்பணத்திலும், மெஸ் பாக்கியிலும், ஜெராக்ஸ் கடையிலும். தேர்வுக் கட்டணம் தனி என்பதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் நல்ல பெயர் உள்ளது, அக்கா?

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், துறையைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. 1913-இல் கணித மேதை ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது அதுதான், அதுவும் அவரிடம் பட்டமே இல்லாதபோது. இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1954-இல் நம் உடம்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் முச்சுருள் வடிவத்தை முன்வைத்தது கிண்டி வளாகத்தில் இருந்த அவருடைய துறையில். இதையெல்லாம் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் ராமச்சந்திரனே பிறகு பெங்களூருக்குப் போய்விட்டார். அதே பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியதையும் செய்தித்தாளில் படித்தோம். நூற்றாண்டுப் பெருமையும் சம்பளத்துக்குப் பணமில்லாத மாதமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார், அழகப்பா, மனோன்மணியம் சுந்தரனார் என்று எதை எடுத்தாலும் இதுதான் கதை. ஒரு துறை ஓகோவென்று இருக்கும், அடுத்த கட்டடத்தில் இரண்டே ஆசிரியர்களோடு இன்னொரு துறை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் எடுக்கப் போகும் பாடத்துக்கு இன்றைய தேதியில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் உங்களுக்கான தகவல்.

எம்.ஃபில். சேரலாமா?

முடிந்த கதை. எம்.ஏ.வுக்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் இருந்த அந்த ஆய்வுப் பட்டத்தை 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிகள் நிறுத்திவிட்டன. அதற்கு முன் வாங்கியவர்களின் பட்டம் செல்லும்.

பிஎச்.டி.யில் சேர நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதியே ஆக வேண்டுமா?

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை படித்தவர்கள் 75 சதவீதம் எடுத்திருந்தால் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உதவித்தொகையோடு (ஜே.ஆர்.எஃப்.) உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டில் வந்தால் அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுக்குத்தான் செல்லும். சில பல்கலைக்கழகங்கள் சொந்த நுழைவுத் தேர்வும் வைக்கின்றன, அந்தந்த அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 2024 ஜூன் தேர்வே ஒரு கூத்து. 18-ஆம் தேதி எழுதினார்கள், 19-ஆம் தேதி ரத்து. எங்கள் துறைத் தங்கை ஒருத்தி இரவுப் பேருந்தில் போய் எழுதிவிட்டுத் திரும்பி, கால் வீக்கம் வடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. மறுதேர்வு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியது. அழுதுகொண்டேதான் மறுபடி படித்தாள், தேறிவிட்டாள்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எல்லாக் கேள்விக்கும் அம்மா இந்தக் கேள்விதான். காகிதத்தில் நெறியாளர், வாயில் கைடு. உங்கள் அடுத்த ஆறேழு வருடம் எப்படிப் போகும் என்பதைத் தலைப்பும் தீர்மானிக்காது, பல்கலைக்கழகத்தின் தரவரிசையும் தீர்மானிக்காது. தீர்மானிப்பது இந்த ஒரு மனிதர்.

முதலில் கணக்கு. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேருக்குத்தான் நெறியாளராக இருக்கலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. ஆகவே இடம் காலி இருக்கிறதா, சாருக்கோ மேடத்துக்கோ எப்போது ஓய்வு என்று வெட்கப்படாமல் விசாரியுங்கள்.

அடுத்தது, அவரிடம் பேசும் முன் அவருடைய மாணவர்களிடம் பேசுங்கள். அவரிடம் கேட்டால் உங்கள் தலைப்பு அருமை என்பார். மாணவர்களிடம் "சார் நல்லவரா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது என்று கேளுங்கள். ஓர் இயலைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும், வரும்போது ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்குமா என்று கேளுங்கள். பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வருவதற்கு முன் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று கவனித்தாலே போதும்.

நான் இதில் எதையும் கேட்கவில்லை. முதல் இயலை 62 பக்கம் தட்டச்சு செய்து, ஸ்பைரல் போட்டு, என் முதல் கைடின் மேசையில் பயபக்தியோடு வைத்தேன். ஏழு மாதம் கழித்து அவர் அறைக்குப் போனபோது, மேசை விசிறி ஆடாமலிருக்க அதன் அடியில் ஒரு நீல அட்டை கொடுத்திருந்ததைப் பார்த்தேன். அட்டை என்னுடையது. ஸ்பைரலின் மூலையில் நான் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. "படிச்சிட்டேன்மா, நல்லா இருக்கு" என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதைக் கொடுத்தாலும் அன்றே ஒரு மின்னஞ்சல்: "இன்று இரண்டாம் இயலைத் தங்களிடம் அளித்துள்ளேன் ஐயா." மரியாதை குறையாமல் தேதி மட்டும் பதிவாகிவிடும். பிறகு நெறியாளரை மாற்ற வேண்டி வந்தபோது என்னைக் காப்பாற்றியது அந்தத் தேதிகள்தான்.

கைடை மாற்ற முடியுமா?

முடியும், விதியிலேயே இடம் இருக்கிறது. விண்ணப்பம், துறைத்தலைவர் பரிந்துரை, புதியவரின் சம்மதக் கடிதம் மூன்றும் வேண்டும். கடினம் விதியில் இல்லை, வராந்தாவில் இருக்கிறது: பழையவரைத் தினமும் எதிரில் பார்க்க வேண்டும், புதியவர் பழையவரின் நண்பராகவும் இருப்பார். "ஆய்வுப் பொருள் நகர்ந்துவிட்டது, இந்தப் புலத்தில் புதியவருக்குத்தான் பயிற்சி" என்று எழுதினால் யாருக்கும் முகம் கோணாது. நான் அப்படித்தான் எழுதினேன். பொய்யும் இல்லை.

வீட்டு வேலை, கடைக்குப் போவது, பிள்ளைக்கு ப்ராஜெக்ட் செய்து தருவது எல்லாம் உண்மையா?

உண்மை. எல்லாரும் அப்படி இல்லை, என் இரண்டாம் நெறியாளர் டீ வாங்கி வரக்கூட என்னை அனுப்பியதில்லை. ஆனால் சில இடங்களில் நடக்கிறது, அதை "குருபக்தி" என்று மாணவர்களே பெருமையாகச் சொல்வதும் நடக்கிறது. முதல் தடவை சொல்லும்போதே "ஆர்க்கைவ்ஸுக்குப் போக வேண்டியிருக்கு சார்" என்று நழுவுங்கள். முதல் தடவை போனால் அப்புறம் அது உங்கள் வேலை.

பாலியல் தொல்லை என்றால் நழுவுவது தீர்வல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு எல்லா நிறுவனத்திலும் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். மற்ற குறைகளுக்கு 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு. குழுவில் இருப்பவர் பெரும்பாலும் அடுத்த அறைக்காரர்தான் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள், போகும்போது நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை மாதா மாதம் வருமா?

வரும், ஆனால் மாதா மாதம் என்று சொல்ல முடியாது.

ஜே.ஆர்.எஃப். இருந்தால் இப்போது மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீடு முடிந்தால் 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை. வீட்டு வாடகைப் படி தனி. கலைப் பாடங்களுக்குச் சில்லறைச் செலவுத் தொகையாக முதல் இரண்டு ஆண்டுக்கு ஆண்டுக்கு 10,000, அப்புறம் 20,500. அறிவியலுக்குக் கொஞ்சம் கூடுதல். நான் சேரும்போது 25,000-ஆக இருந்தது, 2019-இல் 31,000 ஆக்கினார்கள்.

பணம் வர வேண்டுமானால் வருகையைப் பல்கலைக்கழகம் மாதந்தோறும் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். அதைச் செய்யும் ஒரே ஊழியர் மருத்துவ விடுப்பில் போனால் அந்த மாதம் உங்களுக்கும் விடுப்புதான். எனக்கு முதல் தொகை வர ஏழு மாதம் ஆனது, வரும்போது மொத்தமாக வந்தது. அண்ணனிடம் வாங்கிய கடனை அடைத்துவிட்டு, மீதியில் ஒரு மடிக்கணினி வாங்கினேன். சேரும்போது கையில் ஆறு மாதச் செலவுக்காவது வழி பண்ணிக்கொண்டு சேருங்கள்.

இன்னொன்று: உதவித்தொகை ஐந்து ஆண்டுக்குத்தான். என்னைப் போல ஆறரை ஆண்டு இழுத்தால், கடைசி ஒன்றரை ஆண்டு டியூஷன் எடுக்க வேண்டியதுதான். ஜே.ஆர்.எஃப். இல்லாத நண்பர்கள் அதைத்தான் முதல் நாளிலிருந்தே செய்தார்கள். வார இறுதியில் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையத்தில் வகுப்பு, வார நாளில் ஆய்வு.

செக்‌ஷனில் ஃபைல் நகரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஃபைலுக்குக் கால் கிடையாது, நீங்கள்தான் கால். விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் தபால் பிரிவில் வரவு எண் வாங்குங்கள். வரவு எண் இல்லாத காகிதம் பிறக்காத குழந்தை. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் அது எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியும்.

என் நெறியாளர் மாற்றக் கோப்பு ஐந்து மேசை கடந்தது. மூன்றாவது மேசையில் இருந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கோப்பைத் திறந்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். பதிவு எண்ணில் ஓர் இலக்கம் தவறு. நான் தட்டச்சில் 6-ஐ 9 ஆக்கியிருந்தேன். அப்படியே மேலே போயிருந்தால் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கும். அலுவலகத்தைத் திட்டுவது எங்கள் வளாகத்தில் தேசிய விளையாட்டு. நானும் ஆடியிருக்கிறேன், ஆனால் அந்தப் பென்சில் வட்டத்தை மறக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரல் கமிட்டி கூப்பிட்டுத் திட்டுவார்களாமே?

ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். திட்டு விழலாம். ராமானுஜனே மூன்று மாதத்துக்கு ஒரு முன்னேற்ற அறிக்கை கொடுத்துத்தான் அந்த 75 ரூபாயை வாங்கினார். நமக்கு ஆறு மாதம், பரவாயில்லை.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் வராது. சமாளிக்க முடியுமா?

நானும் அப்படித்தான். எம்.ஏ. முதல் கருத்தரங்கத் தாளைப் படிக்கும்போது ஒரு சொல்லை மூன்று விதமாக உச்சரித்தேன், மூன்றும் தவறு. யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன்: தினமும் ஒரு கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் படித்து, அதன் வாதத்தை நோட்டில் தமிழில் ஐந்து வரியில் எழுதுவது. ஒரு வருடத்தில் நோட்டு நான்கு ஆனது. ஐந்து வரியில் எழுத முடியவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். சில சமயம் எழுதியவருக்கே புரியவில்லை என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

வரலாற்றுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் மனம் விட வேண்டியதில்லை. பழைய வருவாய்த் துறைக் கோப்புகளில் நடுநடுவே ஊர்க்காரர்களின் தமிழ் மனுக்கள் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே மதிப்பு. போகும்போது துறைத்தலைவரின் கடிதம் மறக்காதீர்கள்.

கட்டுரை வெளியிடுவது கட்டாயமா? பணம் கொடுத்தால் போடுகிறார்களாமே?

நான் சேர்ந்த காலத்து விதிப்படி ஆய்விதழில் ஒரு கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரையும் கட்டாயம். 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், பதிவுக் கடிதத்தோடு வந்த விதிமுறைத் தாளைப் படியுங்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொன்ன யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. "48 மணி நேரத்தில் ஏற்பு" என்று வாட்ஸாப்பில் வரும் இதழ்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். நேர்முகத் தேர்வில் அந்த இதழின் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நீங்கள் கட்டிய பணம் போதாது.

ஆய்வேட்டின் எழுத்துத் திருட்டுச் சோதனையில் எத்தனை சதவீதம் வரலாம்?

10 வரை பிரச்சினை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குக் கொடுக்கவே முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. இது 2018 விதி. தமிழில் எழுதினால் மென்பொருளுக்குத் தெரியாது என்று ஓர் எண்ணம் உலவுகிறது. மென்பொருளுக்குத் தெரியாவிட்டாலும், யாருடைய ஆய்வேட்டிலிருந்து எடுத்தீர்களோ அவரே புறத்தேர்வாளராக வரலாம். தமிழ் உலகம் சின்னது.

கல்யாணம், குழந்தை ஆனால் படிப்பு போச்சா?

மொத்தக் கால வரம்பு ஆறு ஆண்டு, மறுபதிவில் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கென்று 240 நாள் விடுப்பு உண்டு. விதி தாராளமாகத்தான் இருக்கிறது. "இன்னும் எத்தனை நாள்மா படிப்ப?" என்று கேட்கும் சித்திகளுக்குத்தான் விதி கிடையாது. என் தோழி கைக்குழந்தையைத் தூளியில் போட்டு, தூளிக் கயிற்றைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு கடைசி இயலைத் தட்டச்சு செய்தாள். முடித்தும்விட்டாள்.

வைவா எப்படி இருக்கும்?

அதற்கு முன்னால் பைண்டிங் கடை இருக்கிறது. நுழைவாயிலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து அடித்துத் தருவார்கள். என் தலைப்பில் "பத்தொன்பதாம்" என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நான், நெறியாளர், ஆலோசனைக் குழு என எல்லாரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தலைப்பு. பைண்டிங் அண்ணன்தான் எழுத்தைக் கோக்கும்போது, "இங்க புள்ளி வரணும்ல?" என்றார். அவர் இல்லையென்றால் என் பட்டம் பிழையோடு நூலக அலமாரியில் நின்றிருக்கும்.

கொடுத்த பிறகு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களுக்குப் போகும். ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி, எனக்கு 2024 ஜூனில் வைவா நடந்தது. பொது வாய்மொழித் தேர்வு என்பதால் யாரும் வரலாம். சமோசா ஏற்பாடு உங்கள் பொறுப்பு, 40 சொல்லுங்கள், 60 பேர் வருவார்கள். நான் முன்னுரையை ஒப்பிக்கத் தயாராகப் போயிருந்தேன். தேர்வாளர் நேராக மூன்றாம் இயலின் ஓர் அட்டவணைக்குப் போய், "இந்த ஊரில் 1876-இல் கிணறு குறைந்திருக்கிறதே, ஏன்?" என்றார். அது 1876-78 பெரும் பஞ்சத்தின் முதல் வருடம். காய்ந்துபோன கிணற்றுக்கு வரிச் சலுகை கேட்டு ஊர்க்காரர்கள் எழுதிய மனு எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம், அதைச் சொன்னேன். அப்புறம் அரை மணி நேரம் கிணற்றைப் பற்றியே பேசினோம். ஆறரை வருடத்தில் மிக நல்ல அரை மணி அதுதான்.

முடித்தால் வேலை கிடைக்குமா?

நேராகச் சொல்கிறேன்: உடனே கிடைக்காது. உதவிப் பேராசிரியர் ஆக நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023 ஜூலையிலிருந்து விதி. அரசுக் கலைக் கல்லூரிகளில் 4,000 இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது, ஆகஸ்ட்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் கௌரவ விரிவுரையாளர் வேலை, அதுவும் வருடம் முழுக்கச் சம்பளம் இல்லை. வேலைக்காக மட்டும் என்றால் ஆறு வருடம் செலவழிக்க இதைவிடப் புத்திசாலித்தனமான வழிகள் உள்ளன. நான் இப்போது கௌரவ விரிவுரையாளர்தான்.

சேரும் முன் துறைக்கு நேரில் போய் விசாரிக்க நினைக்கிறேன். எப்போது போகலாம்?

காலையில் போகாதீர்கள், கையெழுத்துக்கு வரிசை நிற்கும். மத்தியானம் மூன்றரைக்கு மேல் போங்கள். துறைத்தலைவர் அறைக்குப் போகாமல் நேராக டீக்கடைக்குப் போங்கள். ஆய்வு மாணவர்கள் அங்கேதான் இருப்பார்கள். எத்தனை வருடம் ஆனது, இயல் எத்தனை நாளில் திரும்பி வரும், யார் விட்டுப் போனார்கள், மூன்றையும் அங்கேயே கேட்டுவிடலாம். டீக்கு நீங்களே காசு கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு இந்த மாதப் பணம் இன்னும் வந்திருக்காது.